காக்காய்ப்பொன்

பொன் என்று பெயர் பெற்றும் பொன்னுக்குரிய மரியாதையை ஒருநாளும் பெறாத பொருள் ஒன்று உண்டு. அதுதான் காக்காய்ப்பொன். வீடு கட்டுகிறவர்கள் வாசலில் கொட்டி வைத்திருக்கும் ஆற்று மணலில் அது மினுக்கும். குழந்தைகள் அதைப் பொறுக்கித் தீப்பெட்டியில் சேர்த்து வைப்பார்கள். இரண்டு நாள் கழித்துத் தாயார் அந்தத் தீப்பெட்டியைக் குப்பையில் எறிவாள். குழந்தை அழும். “அது பொன் இல்லையடி, காக்காய்ப்பொன்” என்று தாயார் சமாதானம் சொல்வாள். பொன் இல்லை என்றால் அதற்கு ஏன் பொன் என்று பெயர் என்ற கேள்விக்கு எந்தத் தாயாரும் இதுவரை பதில் சொன்னதாகத் தெரியவில்லை.

படித்தவர்கள் அதை அப்பிரகம் என்பார்கள். சித்த வைத்தியர்கள் அதைப் புடம் போட்டு அப்பிரக பற்பம் செய்வார்கள். எலெக்ட்ரிக் சாமான் கடைக்காரருக்கு ‘மைக்கா’ என்றால்தான் தெரியும். மூன்றும் ஒன்றே. அதற்கு இரண்டு குணங்கள் உண்டு. ஒன்று, புத்தகத்தின் தாள்களைப் போல ஏடு ஏடாகப் பிரியும். எவ்வளவு மெல்லிய ஏடாக எடுத்தாலும் அதை இன்னும் இரண்டாகப் பிரிக்கலாம் போலிருக்கும். மற்றொன்று, தன் வழியாக மின்சாரத்தைப் போகவிடாது, சூட்டுக்கும் அஞ்சாது.

இந்த இரண்டு குணங்களை வைத்துக்கொண்டு அது நமக்குச் செய்திருக்கும் ஊழியம் கொஞ்சமல்ல. பழைய மின்சார இஸ்திரிப் பெட்டியைப் பிரித்துப் பார்த்தால், சூடேறும் கம்பியைச் சுற்றி வைத்திருப்பது அப்பிரகத் தகட்டின்மேல்தான். நம் தாத்தாக்கள் சாவி கொடுத்துப் பாட வைத்த கிராமபோன் பெட்டியில், ஊசியின் நடுக்கத்தைச் சங்கீதமாக மாற்றிய வட்டத் தகடும் பழைய பெட்டிகளில் அப்பிரகமே. எங்கள் தாம்பரத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தம் உண்டு. 1931-இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரைக்கும் மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது. சைதாப்பேட்டையும் பல்லாவரமும் குரோம்பேட்டையும் பட்டணத்தின் புறநகர்கள் ஆனதற்கு அந்த ரயிலே முக்கிய காரணம். அந்தக் காலத்து ரயில் மோட்டார்களில், சுழலும் செம்புத் துண்டுகள் ஒன்றோடொன்று மின்சாரம் பேசிக்கொள்ளாதபடி நடுவே அப்பிரகத்தைச் சொருகி வைப்பது வழக்கம். கையளவு காக்காய்ப்பொன் நடுவில் நின்று ‘கூடாது’ என்று சொன்னதனால்தான் ஆயிரக்கணக்கான குமாஸ்தாக்கள் தினமும் ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

அப்படிப்பட்ட ஒரு பொருளின் முகம் எப்படி இருக்கும்? கண்ணாடி போல வழவழவென்று இருக்கிறதே, அந்த வழவழப்பு எதுவரைக்கும் உண்மை? இந்தக் கேள்விக்குப் பதில் தேடி மனிதர்கள் முந்நூறு வருஷத்துக்கு மேல் அலைந்திருக்கிறார்கள். அந்தச் சரித்திரத்தைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். கல்லூரியில் இரண்டு வருஷம் பௌதிகம் படித்துவிட்டுக் கதை எழுத வந்தவன் நான். ஆகையால் கணக்கு ஒன்றும் வராது; வாசகர்கள் தைரியமாகத் தொடர்ந்து படிக்கலாம்.

லண்டனில் ராபர்ட் ஹூக் என்று ஒருவர் இருந்தார். 1665-இல் ‘மைக்ரோகிராஃபியா’ என்ற புத்தகத்தை வெளியிட்டார். ஈயின் கண்ணும் தெள்ளுப்பூச்சியின் காலும் எப்படி இருக்கும் என்பதைப் படம் வரைந்து உலகத்துக்குக் காட்டிய புத்தகம் அது. அதில் அப்பிரகத்துக்கும் ஓர் இடம் உண்டு. ருஷ்யாவிலிருந்து வந்ததால் அங்கே அதை மாஸ்கோக் கண்ணாடி என்று சொல்வார்கள். ஹூக் அதை ஏடு ஏடாகப் பிரித்து மைக்ராஸ்கோப்பின் கீழே வைத்தார். மயில் கழுத்தில் தெரிவது போன்ற வர்ணங்கள் வளையம் வளையமாகத் தெரிந்தன. ஏட்டின் தடிப்புக்கும் அந்த வர்ணத்துக்கும் உறவு இருப்பதை அவர் கண்டுகொண்டார். ஆனால் தடிப்பு எவ்வளவு என்று அளக்க அவருடைய கருவிக்குச் சக்தி போதவில்லை. முயன்று பார்த்தும் முடியவில்லை என்று புத்தகத்திலேயே எழுதி வைத்துவிட்டார். இருநூற்றைம்பது வருஷம் கழித்து அந்த விஷயத்தில் கை வைத்தவர்களில் ஒருவர் நம்மவர்.

சென்னை ராஜதானிக் கல்லூரியில் 1907-இல் எம்.ஏ. தேறிய சி. வி. ராமன், சர்க்கார் கணக்கு உத்தியோகத்துக்காகக் கல்கத்தா போனதும், ஆபீஸ் நேரம் போக மற்ற நேரமெல்லாம் அங்கே விஞ்ஞான ஆராய்ச்சி செய்ததும், 1917-இல் உத்தியோகத்தை உதறிவிட்டுப் பேராசிரியரானதும் எல்லோருக்கும் தெரிந்த கதை. அதற்கு அடுத்த வருஷம், 1918-இல், ராமனும் பி. என். கோஷும் சேர்ந்து ‘நேச்சர்’ பத்திரிகைக்கு ஒரு குறிப்பு எழுதினார்கள். அப்பிரகத்தில் தெரியும் வர்ணக் கோடுகளைப் பற்றியது அந்தக் குறிப்பு.

அந்தப் பரிசோதனையின் யுக்தி மிக எளிமையானது. அப்பிரகத்தின் வழியாக வரும் நேர் வெளிச்சத்தை ஒரு கத்தியின் விளிம்பால் மறைத்துவிட வேண்டும். ஏடு முழுவதும் இருட்டாகிவிடும். நேர் வழியை விட்டு விலகிப்போன வெளிச்சம் மட்டும் கத்திக்குத் தப்பிக் கண்ணுக்கு வந்து சேரும். அப்போது, சற்றுமுன் வழவழவென்று இருந்த ஏட்டில் வர்ணக் கோடுகள் ஒளிவிடும். அந்தக் கோடுகள் எல்லாம் ஏட்டின் தடிப்பு திடீரென்று மாறும் விளிம்புகள். வயலில் ஒரு பாத்தி உயர்ந்தும் அடுத்த பாத்தி தாழ்ந்தும் இருந்தால் நடுவே வரப்பு தெரிகிறதல்லவா, அந்த மாதிரி. ஆக, சமதரையென்று எண்ணியது படிப்படியான நிலமாக இருந்தது.

படி இருப்பது தெரிந்துவிட்டது. படியின் உயரம் என்ன? அதை அளந்தவர் சாமுவேல் டொலான்ஸ்கி என்ற ஆங்கிலேயப் பேராசிரியர். அப்பிரக ஏட்டின் இரண்டு முகத்திலும் அவர் மெல்லிய வெள்ளிப் பூச்சுப் பூசினார். உள்ளே போன வெளிச்சம் இரண்டு வெள்ளிச் சுவர்களுக்கும் நடுவே பல தடவை போய்ப் போய்த் திரும்பிற்று. அதனால் வர்ண வளையங்கள் மங்கலாகத் தெரிவதற்குப் பதிலாக ஊசியால் கீறியது போல் கூர்மையாகத் தெரிந்தன. படி இருக்கும் இடத்தில் கோடு ஒடிந்து விலகும். எவ்வளவு விலகுகிறது என்பதிலிருந்து உயரத்தைக் கணக்கிட்டுவிடலாம். 1948-இல் இதைப்பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். அப்பிரகத்தின் ஓர் அடுக்கு ஏறத்தாழ ஒரு நானோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்கு போட்டால் அதில் ஒரு பங்கு. ஒரு தலைமுடியின் தடிப்பை எட்ட அந்த அடுக்குகள் பதினாயிரக்கணக்கில் வேண்டும். அத்தனை சிறிய படிகளை வெறும் வெளிச்சத்தைக் கொண்டே ஒரு மனிதர் அளந்தார்.

ஆனால் ஒரு குறை இருந்தது. அவர் பார்த்தது அப்பிரகத்தின் முகமா, அதன்மேல் பூசிய வெள்ளியின் முகமா? வெள்ளி அப்பிரகத்தின் மேடு பள்ளங்களை அப்படியே ஒற்றிக் காட்டுகிறது என்று அவர் நம்பினார். பெரும்பாலும் அது சரிதான். என்றாலும் முகத்தில் மாவு பூசிக்கொண்ட நடிகரைப் பார்த்து, அவருடைய மூக்கையும் மோவாயையும் நிச்சயமாகச் சொல்லலாமே தவிர, தோலில் அம்மைத் தழும்பு உண்டா என்று சொல்ல முடியுமா?

எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப் வந்த பிறகும் இந்தக் குறை தீரவில்லை. ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் ருஸ்காவும் மாக்ஸ் நோலும் 1931-இல், எங்கள் ஊருக்கு மின்சார ரயில் வந்த அதே வருஷத்தில், அதற்கு அஸ்திவாரம் போட்டார்கள். பொருளின் மேற்பரப்பை எலெக்ட்ரான்களால் வருடிப் படம் எடுக்கும் கருவி 1965-இல் விற்பனைக்கு வந்தது. உலோகத்தை அதில் வைத்தால் அற்புதமான படம் கிடைக்கும். அப்பிரகத்தையோ, கண்ணாடியையோ, பிளாஸ்டிக் ஏட்டையோ வைத்தால் வம்புதான். எலெக்ட்ரான்கள் வந்து விழும். மின்சாரத்தைக் கடத்தாத பொருளானதால் அவை வெளியேற வழியில்லை. அங்கேயே தேங்கி, பின்னால் வருகிற எலெக்ட்ரான்களை எதிர்த்துத் தள்ளும். படம் வெளுத்துக் கலங்கிப் போகும். பின்னாளில் இதற்குச் சில உபாயங்கள் கண்டார்கள் என்றாலும், சாதாரணமான பரிகாரம் தங்கப் பூச்சுப் பூசுவதே. மறுபடியும் மாவு பூசிய முகம்தான்!

பிறகு 1981-இல் ஸ்விட்ஸர்லாந்தில் கெர்ட் பின்னிக், ஹைன்ரிக் ரோரர் என்ற இருவர் ஒரு புதுக் கருவியைச் செய்தார்கள். கூரிய உலோக ஊசி ஒன்றை ஒரு பொருளின் மேற்பரப்புக்கு மிக மிக அருகில் கொண்டுபோனால், ஒன்றையொன்று தொடாமலே நடுவிலுள்ள வெட்டவெளியை மின்சாரம் திருட்டுத்தனமாகத் தாண்டும். இடைவெளி ஓர் அணுவின் அளவில் மாறினாலும் மின்சாரம் பெருமளவு கூடும் அல்லது குறையும். அதைக் கொண்டு ஒவ்வோர் அணுவாகத் தடவிப் படம் எடுத்தார்கள். 1986-இல் இவர்களுக்கும் வயது முதிர்ந்த ருஸ்காவுக்கும் சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது. உலகம் கைதட்டியது. அப்பிரகம் மட்டும் இதற்கும் மசியவில்லை. மின்சாரத்தைக் கேள்வியாக அனுப்பினால், மின்சாரமே ஓடாத பொருள் என்ன பதில் சொல்லும்?

இந்த இடத்தில்தான் கதையில் எனக்கு மிகவும் பிடித்த திருப்பம் வருகிறது. கலிபோர்னியாவுக்குப் போயிருந்த பின்னிக், கால்வின் குவேட், கிறிஸ்டோஃப் கெர்பர் ஆகியோருடன் சேர்ந்து வேறு வழியை யோசித்தார். வெளிச்சம் வேண்டாம், எலெக்ட்ரான் வேண்டாம், மின்சாரக் கேள்வியும் வேண்டாம், தொட்டுப் பார்த்தால் என்ன? தங்கத் தகடு ஒன்றைச் சிறு நாக்கு மாதிரி வெட்டி, அதன் நுனியில் வைரத் துணுக்கு ஒன்றை ஒட்டினார்கள். அதைப் பொருளின்மேல் மெல்ல வைத்து இழுத்தார்கள். கிராமபோன் ஊசி தட்டின் பள்ளத்தில் ஏறி இறங்குவது போல, வைர நுனி மேட்டில் ஏறிப் பள்ளத்தில் இறங்கிற்று. தங்க நாக்கு எவ்வளவு வளைகிறது என்பதைப் பார்த்துப் படம் போட்டார்கள். 1986 மார்ச்சில் அந்தச் செய்தி வெளியாயிற்று. அவர்கள் முதலில் தொட்டுப் பார்த்த பொருள் மின்சாரத்தைக் கடத்தாத அலுமினியம் ஆக்ஸைடு. அணுவிசை மைக்ராஸ்கோப் என்று இதற்குப் பெயர். பூச்சு இல்லாமல், மாவு இல்லாமல், வெறும் முகத்தை மனிதன் அறிந்துகொள்ளும் வழி கடைசியில் விரலால் தடவுவதுதான் என்று ஆயிற்று.

இதை நேரில் பார்க்கும் ஆசையில் ஒருநாள் தாம்பரத்துக்குத் தெற்கே ரயில் பாதையை ஒட்டியிருக்கும் ஒரு கல்லூரியின் ஆய்வுக்கூடத்துக்குப் போயிருந்தேன். ஆராய்ச்சி மாணவி ஒருத்தி கருவியின் அருகில் உட்கார்ந்திருந்தாள். ரயில் போகும்போது படம் நடுங்குமாம். கருவியின் மேஜையைக் காற்று மெத்தையில் மிதக்க விட்டும் முழுவதும் அடங்கவில்லையாம். அதனால் நல்ல படம் வேண்டுமென்றால் கடைசி ரயில் போன பிறகுதான் ஆரம்பிப்பாளாம்.

அவள் நகக்கண் அளவு அப்பிரகத் துண்டை எடுத்தாள். அதன்மேல் சாதாரண ஒட்டு டேப்பை ஒட்டி, சரக்கென்று உரித்தாள். டேப்போடு ஓர் ஏடு கழன்று வந்தது.

“இவ்வளவுதானா, அம்மா?” என்றேன்.

“இவ்வளவுதான் சார். இப்போ தெரியற முகத்தை இதுக்கு முன்னாலே யாருமே பார்த்ததில்லை. கல் உண்டான நாளிலேருந்து உள்ளேயே மூடியிருந்தது. காற்றுகூடப் பட்டதில்லை” என்றாள்.

எனக்கு ஒரு கணம் பேச்சு எழவில்லை.

அந்தப் புது முகம் அணு அளவில் சமதளமாக இருக்கும். அதைத் தரையாக வைத்து, அதன்மேல் மின்சாரம் கடத்தாத மெல்லிய ஏடு ஒன்றைப் படிய வைப்பது அவளுடைய ஆராய்ச்சி. அந்த ஏடு எங்கும் ஒரே சீராகப் படிந்திருக்கிறதா, எங்கேயாவது ஊசித் துவாரம் விழுந்திருக்கிறதா என்று அணுவிசைக் கருவியால் தடவிப் பார்க்கிறாள். தடிப்பு வேண்டுமானால் ஓரிடத்தில் ஏட்டைக் கீறித் தரை தெரியச் செய்து, மேட்டுக்கும் தரைக்கும் உள்ள உயரத்தை அளக்கிறாள். இந்தக் கருவியிலும் ஏமாறலாம் என்பதையும் அவளே சொன்னாள். ஊசி மழுங்கிவிட்டால் ஒவ்வொரு மேடும் ஊசியின் உருவமாகவே படத்தில் விழும். அப்போது நாம் பார்ப்பது பொருளின் முகத்தையல்ல, நம்முடைய விரலை.

இந்தப் பாடெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நம் சட்டைப் பையில் இருக்கும் டெலிபோனைத்தான் அவர்களுக்குக் காட்ட வேண்டும். அதற்குள் இருக்கும் சில்லில் கோடிக்கணக்கான சிறு மின்சாரக் கதவுகள் உண்டு. ஒவ்வொரு கதவிலும் மின்சாரம் கடத்தாத ஏடு ஒன்று காவல் நிற்கிறது. 2000-க்குப் பிறகு சில வருஷங்களுக்குள் அந்த ஏடு 1.2 நானோமீட்டர் வரைக்கும் மெலிந்துவிட்டது. சுமார் ஐந்து அணு அடுக்கு. அதற்குமேல் மெலிந்தால் காவலைத் தாண்டி மின்சாரம் ஒழுகும் என்று கண்டு, 2007 வாக்கில் ஹாஃப்னியம் சேர்ந்த வேறு பொருளுக்கு மாறினார்கள். ரயில் மோட்டாரில் கையளவு அப்பிரகம் செய்த வேலையை இப்போது இப்படிப்பட்ட மெல்லிய ஏடு செய்கிறது. அதில் ஓட்டை இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான் இத்தனை பாடு.

சரித்திரம் இத்துடன் முடிந்துவிட்டதென்று நினைத்து இருந்தேன். மேற்குத் தாம்பரத்தில் மகனோடு வசிக்கும் பெரியவர் ஒருவர் அதை முடிய விடவில்லை.

அவர் கூடூர்க்காரர். ஒரு காலத்தில் அங்கே அப்பிரகத் தொழிற்சாலை ஒன்றில் கணக்கெழுதியவர். நெல்லூர் ஜில்லா 1953 வரையில் சென்னை ராஜ்யத்தைச் சேர்ந்தது. பச்சை நிறம் ஓடிய நெல்லூர் அப்பிரகம் உலகச் சந்தையில் பெயர் பெற்றது. அன்றைய பீகாரின் கோடர்மாப் பக்கத்துச் சிவந்த அப்பிரகத்தையும் சேர்த்துக்கொண்டால், ஏடாகப் பிரித்த அப்பிரகத்தில் பெரும் பங்கை உலகத்துக்குக் கொடுத்தது இந்தியாதான். இரண்டாவது மகா யுத்தத்தில் ரேடியோவுக்கும் விமானத்துக்கும் அது இல்லாமல் முடியாது என்று ஆனபோது, பிரிட்டனும் அமெரிக்காவும் அதை வாங்குவதற்கென்றே 1942-இல் கல்கத்தாவில் ஒரு கூட்டுக் குழுவை அமைத்தன. அத்தனை அப்பிரகத்தையும் ஏடாகப் பிரித்தது யந்திரமல்ல, கைதான்.

“பொம்பளைங்கதான் தம்பி உட்கார்ந்து பிரிப்பாங்க” என்றார் பெரியவர். “ஒரு சின்னக் கத்தி. முனையிலே கொஞ்சம் திறந்துவிட்டா, அப்புறம் கட்டைவிரல்தான் வேலை செய்யும். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு தடிப்பு வேணும்னு கேப்பாங்க. அந்த அம்மாக்கள் விரல்லே வச்சு ஒரு தடவு தடவுவாங்க, ‘இது ஆகும், இது ஆகாது’ன்னு ரெண்டு பக்கமாப் போடுவாங்க. நாங்க கேஜ் வச்சுப் பார்ப்போம். கேஜ் வச்சது எங்க மனசமாதானத்துக்குத்தான்.”

“அவ்வளவு சரியாக இருக்குமா, ஐயா?”

“தப்பினதை நான் அதிகம் பார்த்ததில்லை.”

இதை நான் ஒரு கிழவரின் ஊர்ப் பெருமை என்று ஒதுக்கியிருக்கலாம். ஆனால் 2013-இல் ஸ்வீடன் தேசத்து விஞ்ஞானிகள் ஒரு பரிசோதனை செய்தார்கள். நுட்பமான சுருக்கங்கள் உள்ள பரப்புகளைச் செய்து, ஆட்களின் கண்ணை மறைத்து, விரலால் தடவச் சொன்னார்கள். சுருக்கத்தின் உயரம் வெறும் 13 நானோமீட்டராக இருந்தபோதுகூட, அதற்கும் வழவழப்பான பரப்புக்கும் உள்ள வித்தியாசத்தை விரல் கண்டுகொண்டது. கூடூர் அம்மாக்களுக்குக் கேட்ட தடிப்பு அதைப்போல் ஆயிரம் மடங்குக்கும் மேல். அவர்களுடைய விரலைப் பற்றி நாம் சந்தேகப்படுவதற்கு ஒன்றுமில்லை.

ஹூக்கின் பெயர் இருக்கிறது. ராமன், டொலான்ஸ்கி, பின்னிக் என்ற பெயர்கள் இருக்கின்றன, இருக்க வேண்டியதுதான். தொட்டுப் பார்த்தே அப்பிரகத்தை அறிந்திருந்த அந்தப் பெண்களின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. 1940-களில் சர்க்கார் நியமித்த ரேகே குழுவின் சார்பில், அப்பிரகத் தொழிலாளரின் நிலைமையைப் பற்றித் தனி அறிக்கையே வெளிவந்தது. கூலிக் கணக்கும் வேலை நேரமும் ஆராய்வதற்கு ஏற்பட்ட அறிக்கை அது. விரலின் வித்தையை எழுத அதில் ஏது இடம்? கருவி செய்தவர்கள் மேற்பரப்பைத் தொட்டால் அது விஞ்ஞானம்; கூலிக்காரப் பெண் தொட்டால் அது கைவேலை. இந்தப் பாகுபாட்டை யார் செய்தார்கள் என்று தெரியவில்லை. நாம் அனைவரும் ஒப்புக்கொண்டிருக்கிறோம் என்பது மட்டும் தெரிகிறது.

இதுவும் பழைய கதையாகப் போயிருந்தால் தேவலை. பெயின்டிலும் முகப் பூச்சிலும் மினுமினுப்புக்காக அப்பிரகத்தை இன்றும் சேர்க்கிறார்கள். ஜார்க்கண்ட் முதலிய மாநிலங்களில் கைவிட்ட சுரங்கங்களில் குழந்தைகள் இறங்கி அதைப் பொறுக்குவதையும், மண் சரிந்து இரண்டே மாதத்தில் ஏழு குழந்தைகள் இறந்ததையும் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறநிறுவனம் 2016-இல் விசாரித்து வெளியிட்டது. நம் வீட்டு வாசல் மணலில் குழந்தை காக்காய்ப்பொன் பொறுக்கினால் அது விளையாட்டு. அங்கே அது ஜீவனம்.

அந்த மாணவியிடம், அவள் உரிக்கும் அப்பிரகம் எந்த ஊரிலிருந்து வருகிறது என்று கேட்டேன். டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விற்ற கம்பெனியின் பெயர் இருந்தது. ஊர் பெயர் இல்லை.

“விசாரிக்கிறேன் சார்” என்றாள்.

அணுவின் உயரத்தை அளக்கத் தெரிந்த பெண் அவள். விசாரிப்பாள் என்றே நம்புகிறேன்.